ஏறாமல் விட்ட மூன்று மாடி

அக்கா,

இன்று காலை கபோ சந்தையில் பாண் வாங்க வரிசையில் நின்றேன். எள்ளுத் தூவிய பாண் அப்போதுதான் அடுப்பை விட்டு வந்திருந்தது. கடை முழுக்க அந்த வாசனை. உல்லாசப் பயணியான ஒரு பிரெஞ்சுப் பெண் உள்ளே வந்தாள். பாணைப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. முதலில் எல்லோருக்கும் பொதுவாக "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னாள். அவ்வளவுதான். பாண்கூட வாங்காமல் தெருவுக்கு வந்து அழுதேன்.

"கடைக்காரனும் மனிசன்தானே. முதல் அவன்ரை முகத்தைப் பார், பிறகு பாணைப் பார்" என்று என்னை எத்தனை தரம் பேசியிருப்பீர்கள்!

நான் வன்னியிலிருந்து நேரே இங்கே வந்து விழுந்தவள். நீங்கள் பாரிசில் இருபது வருடம் இருந்துவிட்டு, அத்தான் இறந்தபின், இங்கே மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு வயதான பிரெஞ்சுச் சின்யோரா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவர். அறிமுகமாகி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சம்பளம் எவ்வளவு, ஏன் பிள்ளைகள் இல்லை என்று கேட்டுவிட்டேன். "உதெல்லாம் கேக்கிறதுக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு" என்றீர்கள். என்ன எடுப்பு இந்த மனுசிக்கு என்று மனதுக்குள் கறுவினேன்.

அடுத்த கிழமையே வுச்சீரியாத் தெருவில் உங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குச் சுடச்சுடப் புட்டோடு ஏறி வந்தேன். கதவை ஒரு சாண் திறந்தீர்கள். "ஒரு போன் கோல் எடுத்திட்டு வந்திருக்கலாமே" என்றீர்கள். புட்டை வாங்கினீர்கள், உள்ளே கூப்பிடவில்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் முறையாக எனக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு, கழுவித் துடைத்த சட்டியோடு வந்தீர்கள்.

"ஆளாளுக்கு அவையின்ரை வீடு. நீ வாறாய் எண்டு தெரிஞ்சால் உனக்கெண்டு ஆயத்தமாய் இருப்பன். சும்மா கதவைத் திறந்து விடுறது என்ன மரியாதை?"

அப்படித்தான் நம் வியாழக்கிழமைகள் தொடங்கின. எங்களைப் போன்ற வீட்டுவேலைக்காரருக்கு அன்று அரைநாள் லீவு. இரண்டு மணிக்கு நான் அழைப்பேன், நீங்கள் "ஓம், வா" என்பீர்கள். மேசை விரித்திருக்கும். முதலில் பச்சை இலைச் சாலட், பிறகு சூப், பிறகு மீன், ஒவ்வொன்றாக வரும். "அக்கா, சோறு இண்டைக்கு வருமோ, நாளைக்கோ?" என்று கேட்டால் சிரிப்பீர்கள். அரசியல், சாமி, கலியாணம் எல்லாவற்றிலும் என்னை மறுத்துப் பேசுவீர்கள். கோபமோ என்று பயந்தால், "இது சண்டை இல்லையடி, கதைக்கிறம். நீயும் திருப்பிக் கதை" என்பீர்கள். என் கருத்து என்ன என்று அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அந்தக் கடைசி வியாழனன்று இரண்டு மணிக்கு அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். மனம் கேட்காமல் வுச்சீரியாவுக்கு வந்து உங்கள் பல்கனிக்குக் கீழே நின்றேன். கீழ்வீட்டுச் சின்யோரா, "மேலே போய்ப் பாரேன்" என்றாள். "சொல்லாமல் போனால் அவவுக்குப் பிடிக்காது" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், அக்கா. நாகரிகம் பழகிவிட்டேன் என்ற பெருமை. திரும்பிப் போய் வீட்டில் தேநீர் குடித்தேன்.

மறுநாள் காலை அந்தக் கீழ்வீட்டுச் சின்யோராதான் சந்தேகப்பட்டுக் கதவை உடைப்பித்தாள். முதல்நாள் பகலிலேயே சமையலறையில் விழுந்து, எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறீர்கள். தொலைபேசி மேசைமேல், கைக்கு எட்டாத இடத்தில் இருந்திருக்கிறது.

ஆசுப்பத்திரியில் உங்கள் பக்கத்தில் குனிந்தேன். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. சொல் ஒவ்வொன்றாக வந்தது.

"ரெண்டுதரம் போன் அடிச்சனி. கேட்டது."

"ஓம் அக்கா."

"நான் எடுக்காட்டில் நீ ஓடி வந்திடுவாய் எண்டு... கதவையே பாத்துக்கொண்டு கிடந்தனான்."

கீழேதான் நின்றேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு காலை போய்விட்டீர்கள். அன்று சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன். நான் வந்தேன், அக்கா. கீழே நின்றேன். ஏறவில்லை.

இப்போதும் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அழைக்கிறேன். அது நீங்கள் பழக்கியது. எடுக்காவிட்டால் மட்டும் என்னால் இருக்க முடியவில்லை. போன கிழமை என் மொரிசியஸ் சிநேகிதி இரண்டு அழைப்புக்கும் பதில் தரவில்லை. நாலு மாடி ஓடி ஏறிக் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினேன். தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு திறந்தாள்.

"உனக்கென்ன விசரா? மனிசர் குளிக்கவும் ஏலாதா?" என்று இந்த ஊர்ப் பாஷையில் கத்தினாள்.

அந்த ஈரத் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பேசு, இன்னும் பேசு" என்று அழுதேன்.