முதலில் தேத்தண்ணி

ஓரம் பெயர்ந்த உங்கள் எனாமல் கோப்பை என் முன்னால் இருக்கிறது. அதில் பாதித் தேநீர் ஆறிக் கிடக்கிறது. பார்க்கப் பார்க்க உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது.

இன்று வேலை விட்டதும் நம் மகன் தேயிலை மலையிலிருந்து கொதித்துக்கொண்டு வந்தான். கங்காணி எல்லார் முன்னாலும் அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டாராம். "அவன் வீட்டுக்கே போயி ரெண்டு போடுறேன்" என்று குதித்தான். வேலை போனால் தோட்டத்தில் கொடுத்த இந்த லைன் வீடும் போய்விடும். நான் வாசலை மறித்துக்கொண்டு, "முதல்ல தேத்தண்ணி குடிடா, அப்புறம் பேசலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அது உங்கள் பேச்சு. நீங்கள் போன நாளிலிருந்து என் வாயில் வரவே கூடாது என்று வைத்திருந்தேன்.

எதற்கெடுத்தாலும் அதுதானே உங்களுக்கு. கொழுந்து லோரி தாமதமாக வந்ததென்று, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நம் வீட்டு வாசலில் நின்று கத்தியபோதும் இந்தக் கோப்பையில்தான் ஊற்றிக் கொடுத்தீர்கள். குடித்து முடிப்பதற்குள் அவர் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். "சாமி மாதிரி மனுசன் லா" என்றது லைன் முழுக்க. சாமிக்கு என்ன, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். குழாயில் தண்ணீர் வராதபோது ஆபீசில் போய்க் கத்தியது யார்? ராங்கிக்காரி என்று பேர் வாங்கியது யார்?

அதையெல்லாம்கூடப் பொறுத்தேன். அந்தக் காலையை மட்டும் பொறுக்க முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வியர்வை. "ஆஸ்பத்திரிக்குப் போவோங்க" என்று கெஞ்சினேன். "பதறாத லா. முதல்ல தேத்தண்ணி போடு, அப்புறம் போலாம்" என்றீர்கள். போட்டேன். குடிக்க நீங்கள் இல்லை.

இத்தனை நிதானம் தெரிந்த மனிதருக்கு, எதற்கு நிதானம் கூடாது என்று மட்டும் தெரியாமல் போயிற்றே!

மகன் இந்தக் கோப்பையில் பாதி குடித்தான். கோபம் தணிந்தது. "நாளைக்கு நானே போயி நல்லபடியா பேசுறேன்மா" என்றான். பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாய்வு போல" என்றான். கோப்பையை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். "குடிச்சது போதும், கெளம்புடா!" பக்கத்து வீட்டுக்காரரைக் காரை எடுக்கச் சொல்லி, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரை வளைவுக்கு வளைவு திட்டிக்கொண்டே போனேன். டாக்டர் சோதித்துவிட்டு வாய்வுதான் என்றார். "பாத்தியாம்மா!" என்று அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நீங்களும் வந்திருந்தால், திரும்பும் வழியெல்லாம் என்னைக் கேலி செய்துகொண்டு வந்திருப்பீர்களோ என்னவோ.

இனி கோபத்தோடு வருகிறவனுக்குத் தேநீர் கொடுப்பேன். அது நீங்கள் கொடுத்தது, வைத்துக்கொள்கிறேன். வலி என்கிறவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டாவது போவேன். அது நீங்கள் போனதால் வந்தது.

வீடு திரும்பியதும் அவன் குளிக்கப் போயிருக்கிறான். மிச்சத் தேநீரை வீணாக்குவானேன் என்று நானே எடுத்துக் குடித்தேன். ஆறிப்போய்க் கசந்தது. அப்புறம் பேசலாம், அப்புறம் பேசலாம் என்பீர்களே. குடித்துவிட்டேன். பேசுங்கள்.