தார் போட்ட பிறகு மாட்டலாம் என்றாய்

தம்பி,

இன்று காலை, பின்னறை உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த உன் டயர்கள் இரண்டையும் இறக்கினேன். அடுக்களைக்குக் கொண்டுவந்து சாக்கை அவிழ்த்ததும் ரப்பர் வாசனை வந்தது. கூடவே என் முகப்பவுடர் வாசனையும் வந்தது. இத்தனை வருஷத்தில் இரண்டும் போகவில்லை. அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தான் எட்டிப் பார்த்தார், அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குக் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றலாகியிருக்கிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். பாத்திரம், படுக்கை, தையல் மெஷின் எல்லாம் கட்டியாகிவிட்டது. மிஞ்சியது இவைதான். இவற்றை என்ன செய்வது என்று நீயே வந்து சொல். வரமாட்டாய். இருந்த நாளிலும் நான் கேட்டதற்கு நீ ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

கரண்ட் ஆபீசில் லைன் பார்க்கும் வேலை கிடைத்து நீ எங்களோடு வந்து தங்கிய புதிதில், மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போன ஓர் ஆபீசரிடமிருந்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கி வந்தாய். வாசலில் அது உறுமிக்கொண்டு நின்றது. “கல்யாணம் பண்ணிக்கோலேன்னு சொன்னா, இரும்பக் கட்டிக்கிட்டு வந்து நிக்கியே!” என்றேன். “இது எதுத்துப் பேசாதுக்கா” என்றாய். போர்ட் பிளேரின் ஏற்ற இறக்கமெல்லாம் உனக்கு அதோடு மனப்பாடமாயின. அது என்னவோ ஆபீசர் கையில் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. உன் கைக்கு வந்தபோது பின் டயர் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. உன் அத்தான் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, “எனக்கும் இதுக்கும் ஒரே வயசுதாம்ல” என்று அந்த டயரைக் காட்டிச் சொன்னார். எப்படிச் சிரித்தோம் அன்றைக்கு!

பிறகு தொடங்கியது உன் டயர் புராணம். பெண் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டான். ஜங்லிகாட்டில் யூசுஃப் பாயின் வண்டி ரிப்பேர்க் கடையே கதி என்று கிடந்தாய். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்; தமிழர்களோடு பழகிப் பழகி, தமிழையும் ஹிந்தியையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பிசைவார். பழைய டயர் மேல் புது ரப்பர் ஒட்டிய ரீசோல் டயர் உடனே கிடைக்கும் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருந்தார்கள். அவர் அதை ஒரே பேச்சில் தள்ளிவிட்டார். “அரே பாயி, ரீசோல் ஜீப்புக்கு டீக் ஹை, சரிதான். நாலு சக்கரம், ஒண்ணு போனா மூணு இருக்கு. உன் வண்டிக்குப் பட்டை உரிஞ்சா நீ சீதா, நேரா ஆஸ்பத்திரி.” அதை வீட்டுக்கு வந்து அவர் குரலிலேயே பேசிக் காட்டினாய். அபர்தீன் பஜாரில் ஒரே ஒரு டயர் இருந்தது. சேற்றுக்காகச் செய்தது, பெரிய பெரிய கொம்பு வைத்தது. தார் ரோட்டில் அது கையை உதறும் என்று அதையும் வேண்டாம் என்றாய்.

எனக்கு விளங்கவில்லை என்று சொன்னதுதான் தாமதம், நான் சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவைப் பிய்த்தாய். மூன்று வளையம் செய்தாய். ஒன்றில் கத்தியால் சுற்றிலும் நீளக் கோடு போட்டாய். இன்னொன்றில் கட்டம் கட்டமாக வெட்டினாய். மூன்றாவதை ஒன்றும் செய்யவில்லை. தரையில் தண்ணீரைக் கொட்டி அதன் மேல் ஒவ்வொன்றாக உருட்டினாய்.

“பாருக்கா, கோடு போட்டது முன்னால. திருப்பினா திரும்பும், தண்ணி கோட்டு வழியா ஓடிரும். கட்டம் போட்டது பின்னால. பிரேக் புடிச்சா கடிச்சுக்கிட்டு நிக்கும்.”

“இந்த மூணாவது?”

“இது இப்ப நான் ஓட்டுத டயரு. தண்ணி எங்க போவும்? போக எடமில்ல. அடியிலயே நிக்கும். வண்டி தண்ணி மேலதான் போவும், ரோட்டு மேல போவாது. புடிச்சாலும் நிக்காது.”

“சப்பாத்தி மாவுல டயர் செய்யுத எளவு உன்னால மட்டும்தாம்ல முடியும்” என்று கரண்டியை ஓங்கினேன். மாவெல்லாம் தரையழுக்கு. அன்றைக்கு நாம் மூன்று பேரும் வெறும் கஞ்சி குடித்தோம்.

அந்த மூன்றாவது வளையத்தை நினைத்து நினைத்து என் நெஞ்சு வெந்துபோயிருக்கிறது. தெரியாதவன் விழுந்தால் விதி என்று சொல்லித் தலையில் அடித்துக்கொள்ளலாம். நீ எல்லாம் தெரிந்தவன். எப்படி விழுவோம் என்று எனக்கு உருட்டிக் காட்டியவன்.

சென்னையிலிருந்து வரவழைப்பது என்று முடிவு செய்து சொல்லி அனுப்பினாய். ஒரு கப்பலில் வெங்காயம் வந்தது, உன் டயர் வரவில்லை. அடுத்ததில் யார் வீட்டுக்கோ கட்டில் வந்தது, டயர் வரவில்லை. ஹேடோ ஜெட்டிக்குப் போய்ப் போய் வெறுங்கையோடு வந்து, “கல் ஆயேகாவாம்” என்று அலுத்துக்கொள்வாய். நாளைக்கு வரும், நாளைக்கு வரும். இந்தத் தீவில் உப்பு, மருந்து, மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில்தான்.

கடைசியில் வந்தே விட்டன. ஒன்றைத் தோளில் மாட்டி, இன்னொன்றை உருட்டிக்கொண்டு மேடேறி வந்தாய். முகமெல்லாம் பல். என் கையைப் பிடித்து இழுத்து டயரின் மேல் வைத்தாய். புது ரப்பரில் முள் முள்ளாக, மெல்லிசாக நீட்டிக்கொண்டிருந்தது. “மீசைக்கா! புது டயருக்கு மட்டும்தான் இருக்கும். ஒரு தடவ பஜாருக்குப் போயிட்டு வந்தா எல்லாம் உதிர்ந்திரும்” என்றாய். பிறகு கேட்காமல் கொள்ளாமல் என் பவுடர் டப்பாவைத் திறந்து, ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமாம், டப்பாவில் பாதியை டயருக்குப் பூசினாய். சாக்கில் சுற்றினாய். உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டாய்.

“ஏலே, மாட்டலையா?”

“போற வழியில பாதி தூரம் ஜல்லி கொட்டி வச்சிருக்கான்க்கா. புது டயரக் குத்திக் கிழிச்சிரும். தார் டிரம் கப்பல்ல வருதாம். தார் போட்டதும் மாட்டுதேன்.”

உன்னை மட்டும் சொல்லி என்ன? இங்கே எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். எது புதிதாகக் கிடைத்தாலும் கட்டி வைப்போம். அடுத்தது எந்தக் கப்பலில் வருமோ, வராமலே போகுமோ. டார்ச்சுக்குப் புது பாட்டரியை எடுத்து வைத்துவிட்டு இருட்டில் தட்டுத் தடுமாறி நடப்போம். புதுச் சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிழிசலைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவோம். யூசுஃப் பாய் கடையில் புது செயின் ஒன்று பிரிக்காமலே தொங்கியது. அவர் தன் சைக்கிளுக்குப் பழையதையே ஒட்டுப் போட்டு ஓட்டினார். அவர்கூட உன்னிடம், “லகா லே பாயி, மாட்டிடு, மழை ஜாஸ்தி” என்றார். மழை அப்போது விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான் சொன்னேன், உன் அத்தான் சொன்னார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ ஸ்டூல் மேல் ஏறி, கயிறு ஒரே இடத்தில் அழுத்தி டயர் நசுங்கிவிடக் கூடாதே என்று அவற்றைத் திருப்பித் திருப்பி வைத்தாய். அந்த அக்கறையில் கால்வாசியை உன் உயிர் மேல் வைத்திருக்கக் கூடாதா, பாவி?

அன்று காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. எங்கோ லைன் அறுந்து கிடக்கிறதென்று ஆள் வந்து கூப்பிட்டான். தோசையை நின்றுகொண்டே தின்றாய். “அத மாட்டிட்டுப் போயேம்ல” என்றேன், எப்போதும் சொல்வதைப் போல. “தார் போடட்டும்க்கா” என்றாய், எப்போதும் சொல்வதைப் போல. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கல்லில் அடுத்த தோசை கிடந்தது.

யூசுஃப் பாய்தான் ஓடி வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “பெஹன், ஜல்தி சலோ, சீக்கிரம் வா. தம்பி கிர் கயா, விழுந்துட்டான்” என்றார். விழுந்துவிட்டான் என்றால் முழங்கால் பேர்ந்திருக்கும் என்று நினைத்துப் போனேன். குட்வில் எஸ்டேட் இறக்கத்தில், வளைவில், பாலத்துச் சுவரோடு உன் வண்டி ஒட்டிக் கிடந்தது. மாடு ஒன்று குறுக்கே வந்ததாம். நீ பிரேக் பிடித்தாயாம். வண்டி நிற்கவில்லையாம்.

ரோட்டைப் பார்த்தேன், தம்பி. அங்கே ஜல்லி இல்லை. அது நல்ல ரோடு. எப்போதோ தார் போட்ட ரோடு. அதன் மேல் மழைத்தண்ணீர் பளபளவென்று நின்றது.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாய். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னதான் சொல்ல வந்தாய்? எனக்கு அதற்கும் பதில் சொல்லவில்லை நீ. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவுக்குத் தந்தி போயிற்று. கப்பல் வருகிறவரை உன்னை வைத்திருக்க முடியுமா? உன் அத்தான் கொள்ளி வைத்தார். பெற்றவள் முகம் பார்க்காமல் போனாய்.

அம்மா அடுத்த கப்பலில் வந்தாள். அதே கப்பலில்தான் தார் டிரம்மும் வந்தது. ஜெட்டியில் அம்மாவைக் கைத்தாங்கலாக நான் இறக்கிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் டிரம்களை உருட்டி இறக்குகிறார்கள். வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினேன். கூட இருந்தவர்கள் அம்மாவைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து உன் சட்டையை, செருப்பை எல்லாம் தொட்டுப் பார்த்தவள், அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள். “அது என்னட்டி?” என்றாள். “தம்பி வாங்கின டயரும்மா” என்றேன். ஸ்டூலில் ஏறி சாக்குக்குள் கையை விட்டுத் தடவினாள். “புதுசால்லா இருக்கு” என்றாள். ஊருக்குப் போய் ஒரு மழைக்காலத்தைக்கூட அவள் தாண்டவில்லை.

நசுங்கிய வண்டியை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். டயரையும் கேட்டார்களாம். “தார் போட்ட பிறகு என் தம்பி மாட்டிக்குவான், தரமாட்டேன்” என்று நான் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை, உன் அத்தான் சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டூல் போட்டு நான்தான் அவற்றைத் திருப்பி வைத்து வந்தேன். எதற்கென்று கேட்காதே. கை சும்மா இருக்கவில்லை. பவுடர் மட்டும் பூசுவதில்லை, அந்த டப்பாவைத் திறக்கவே முடியவில்லை.

இன்று யூசுஃப் பாயை வரச் சொன்னோம். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. யாராவது ஏழைப் பையன் வண்டிக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவர் டயரை மடியில் வைத்துக்கொண்டு பக்கவாட்டை மடக்கினார். பொடிப் பொடியாக வெடிப்பு தெரிந்தது.

“கதம், பெஹன், முடிஞ்சு போச்சு. ரப்பர் இறுகிப் போச்சு. ரோட்டுக்கு ஆகாது. யாருக்கும் குடுக்காத, ஜான், உயிரு போயிடும். ஜெட்டில கட்டித் தொங்க விடலாம், போட் இடிக்காம இருக்கும்.”

ஒரு நாள்கூட ஓடாத டயர் இது. எல்லாம் பார்த்துப் பார்த்து, கோடு முன்னால், கட்டம் பின்னால் என்று தேடி எடுத்த டயர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது என் வீட்டில் புதிது என்று எதுவும் பெட்டிக்குள் கிடையாது. சேலை வந்த அன்றே கட்டி, அன்றே அடுக்களைக் கரி படவிடுகிறேன். பிஸ்கட் டின்னைக் கப்பலிலிருந்து வந்த கையோடு உடைக்கிறேன். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் என்னை ஊதாரி என்கிறாள். புத்தி வந்துவிட்டது என்று நினைக்காதே. பயம். வீட்டுக்குள் புதிதாக ஒன்று பிரிக்காமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை, யாருக்கு என்ன ஆகுமோ என்று.

உன் அத்தான் வந்து, டயர்கள் இரண்டையும் மறுபடி சாக்கில் சுற்றி, படுக்கைக் கட்டோடு சேர்த்துக் கட்டினார். “கொண்டு போவோம்” என்றார். அவ்வளவுதான். கட்டுவதற்கு முன் ஒரு தடவை கையால் தடவிப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை நீ அதைப் போட்டுக்கொண்டு பஜாருக்குப் போய் வந்திருந்தால் போதும். மீசை இன்னும் குத்துகிறது, தம்பி. ஒன்றுகூட உதிரவில்லை.

உன் அக்கா