ஏழாவது தம்ளர்

6.4.2025, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், மகள் நாகஜோதி, அவருடைய தங்கை ஈஸ்வரி. வேறு யாரும் இல்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது "அப்பிடி நான் சொல்லவே இல்லையே" என்று சொல்லக் கூடாது.

சாயல்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஈஸ்வரி வைத்திருக்கும் பெட்டிக்கடைக்குப் புது ஃபிரிட்ஜ் வந்திருக்கிறது. வெயில் தொடங்கிவிட்டது. குடிக்கிற கலரில் எதை நிறைய வாங்கி அடுக்குவது என்று அவளுக்குக் குழப்பம். ஒரு பையில் ஏழு தினுசு கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தாள். யோசனை சொன்னது நான்தான். பாட்டிலைப் பார்த்துவிட்டுக் குடித்தால் பெயர்தான் ருசிக்கும், கண்ணைக் கட்டுங்கள் என்றேன். ஏழு எவர்சில்வர் தம்ளர், அடியில் சாக்பீஸால் நம்பர். இந்த நோட்டிலேயே கட்டம் போட்டேன். பத்துக்கு மார்க்.

பன்னீர் சோடாவுக்கு ஜோதி ஒன்பது போட்டாள், ஈஸ்வரி ஏழு. கருப்புக் கலருக்கு இருவரும் எட்டு. ஆரஞ்சு ஆறு. நன்னாரிக்கு ஈஸ்வரி பத்து, ஜோதி நான்கு. எலுமிச்சை சோடாவைக் குடித்துவிட்டு ஈஸ்வரி முகத்தைச் சுளித்தாள். "மதினி, இது கலரா, எங்க மாமியா வச்ச ரசமா?" ஆறாவதும் ஏழாவதும் எனர்ஜி டிரிங்க். ஒன்று தகர டின், இன்னொன்று சிவப்புப் பாட்டில். ஜோதி, "காலேஜ்ல பரீட்சைன்னா எல்லாரும் இதத்தான் குடிக்கிறாக" என்று இரண்டுக்கும் எட்டு போட்டாள். ஈஸ்வரி ஒன்று. "துருப்புடிச்ச ஆணிய ஊறவச்ச தண்ணி. இதுக்குப் போயி எட்டா?"

நானும் அவரும் குடிக்கவில்லை. என் அல்சர் எனக்கு. அவருக்கு வேண்டுதல். 2023 தை அமாவாசைக்கு இராமேசுவரம் போனோம். அதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் சர்க்கரை என்று சொல்லியிருந்தார். அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்து, ஈரத்துணியோடு கிழக்கே பார்த்து, இனிக் கலர், சர்பத், இனிப்பான எதையும் குடிக்கமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னார். ஒரு ஆளை மட்டும் விடச் சொல்வது நியாயமா? பக்கத்தில் நின்று நான் காப்பியை விட்டேன். அன்றிலிருந்து வீட்டில் காப்பித்தூளே கிடையாது.

ஈஸ்வரிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏண்ணே, மோந்து பாத்தா வேண்டுதல் கெட்டா போயிரும்? கண்ணக் கட்டுங்க, பாப்போம்." அவரும் சிரித்துக்கொண்டே துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தம்ளராக மூக்குக்கு நேரே பிடித்தேன். ஐந்தும் சரியாகச் சொன்னார். அதெல்லாம் சின்ன வயசிலிருந்து குடித்தது. ஆறாவது. "டின்னு. காட்டம் ஜாஸ்தி." ஏழாவது. "இது செவப்புப் பாட்டிலு. மொத மடக்கு சளி மருந்து கணக்கா இருக்கும், தொண்டைக்குக் கீழ போனா லேசாப் புளிக்கும். கூலிங் விட்டுப்போச்சுன்னா வாயில வைக்க ஏலாது."

ஈஸ்வரி கைதட்டினாள். "அட, எங்கண்ணனுக்கு என்னா மூக்கு! இந்தப் பாட்டிலு எங்க ஊருக் கடைகளுக்கு வந்ததே போன புரட்டாசிலதான்ணே!"

என் கையில் பென்சில் நின்றுவிட்டது. மோந்து பார்த்தால் புளிப்புத் தெரியுமா?

துண்டை அவிழ்த்தவர் முதலில் பார்த்தது என் முகத்தை.

7.4.2025

வாலிநோக்கத்தில் லாரியில் உப்பு ஏற்றிக்கொண்டு திருப்பூர் போய்விட்டார்.

9.4.2025, புதன்

போனில் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. அந்தப் புளிப்பு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கூட வர்ற டிரைவரு குடிப்பாரு. அவரு சொல்லித்தான்."

கூட வரும் டிரைவர் யார்? அந்த வண்டிக்கு இவர் ஒரே ஆள் என்று போன மாசம் இவரே அலுத்துக்கொண்டாரே. இருந்தாலும் "சரிங்க" என்று வைத்துவிட்டேன். நம்புவதற்கு எனக்கே ஆசையாக இருந்தது. அதுதான் வெட்கம்.

11.4.2025, வெள்ளி, பங்குனி உத்திரம்

வெள்ளிக்கிழமை வண்டி ஊரில் இருந்தால் நான்தான் முன்கண்ணாடிக்குக் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பேன். இன்று அவர் குளிக்கப் போயிருந்தார். கேபினைக் கூட்டுகிறபோது சீட்டுக்குப் பின்னால் சாக்கு ஒன்று சரசரவென்றது. உப்புச் சாக்குதான், ஆனால் எடை இல்லை.

அத்தனையும் சிவப்புப் பாட்டில். வெறும் பாட்டில். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. முப்பத்தொன்று.

டேஷ்போர்டில் அக்னி தீர்த்தத்தில் வாங்கிய இராமநாத சுவாமி படம். அதற்குப் பின்னால் ஒன்று, பாதி குடித்து மூடி வைத்தது. சாமி படத்துக்குப் பின்னாலயா? எப்படி மனசு வந்துச்சு இந்த மனுசனுக்கு?

குங்குமம் வைத்தேன். பழமும் வைத்தேன். வண்டி என்ன பாவம் செய்தது.

12.4.2025, சனி

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதவே கை வரவில்லை.

மாசாமாசம் ஒன்றாம் தேதி அவர் சர்க்கரை பார்ப்பார். அவரிடம் இருப்பது பட்டன் போன், அதனால் ரிசல்ட் ஜோதி போனுக்கு வரும். அவள் வாசிப்பாள், நான் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மீதி எழுத்தெல்லாம் தேவாரப் புத்தகத்தையும் பேப்பரையும் பார்த்து நானாகக் கற்றது. இந்தப் பக்கம் எனக்கு அவ்வளவு பெருமை. இன்று காலையில் ஜோதியிடம், "இந்த மாச ரிசல்ட்ட எங்கிட்டக் காட்டு, நானே வாசிக்கிறேன்" என்றேன். போனைக் கொடுக்காமல் நின்றாள். பிறகு அழுதாள். பிறகு கொடுத்தாள்.

ஏப்ரல் மாசத்துக்கு என் நோட்டில் 138. போனில் 264.

மார்ச், 131. போனில் 249. பிப்ரவரி, ஜனவரி, டிசம்பர், நவம்பர். ஆறு மாசம். ஆறும் பொய்.

"அய்யாதான்மா சொல்லச் சொன்னாக. நீ அழுவேன்னாக. சீக்கிரம் கொறச்சுருவேன், அதுவரைக்கும் சொல்லாதேன்னாக."

"நீ எந்தக் கணக்குல ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு நம்பர் சொன்ன?"

"பழைய ரிசல்ட்டப் பாத்து, அதுக்குப் பக்கத்துல..."

என் பிள்ளை! என் பழைய பக்கத்தைப் பார்த்தே எனக்குப் பொய் தயாரித்திருக்கிறாள். நானும் கோடு போட்டு, தேதி போட்டு, என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

அதைவிட. ஒவ்வொரு நல்ல எண்ணுக்கும் பஸ் ஏறி உத்தரகோசமங்கை போய் மங்களேஸ்வரி சன்னதியில் நெய்விளக்குப் போட்டேன். நவம்பரில் மழையில் நனைந்துகொண்டு போனேன். தாயே, குறைச்சுக் கொடுத்தியே என்று கும்பிட்டேன். அவள் எதையும் குறைக்கவில்லை. நான் நின்று நன்றி சொன்னதை ஆறு தடவையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் என்னைப் பைத்தியக்காரியாக்கிட்டீகளே ரெண்டு பேரும்.

13.4.2025

ஜோதியோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

14.4.2025, திங்கள், சித்திரை ஒன்று

வருஷப் பிறப்பு. அவர் வீட்டில் இருந்தார். ஆறு மாச ரிசல்ட்டையும் ஒரு தாளில் எழுதி, இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கவாவது செய்திருக்கலாம். செய்யவில்லை.

தாளைப் பார்த்தார். பாயசத்தைத் தள்ளி வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாயசம் மட்டும் ஆகாதோ?" என்றேன்.

"அந்தச் செவப்புப் பாட்டிலு கலரு இல்ல முருகு. தூக்கத்துக்கு எதிர்மருந்து" என்றார். அதற்கு நான் சிரிக்கவில்லை என்றதும் அவரும் கேலியை நிறுத்திக்கொண்டார்.

பிறகு சொன்னார். போன புரட்டாசியில் பெருநாழி தாண்டி ஸ்டியரிங்கிலேயே கண் அசந்துவிட்டதாம். முழித்துப் பார்த்தால் வண்டி தார் ரோட்டைவிட்டு இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் நின்றதாம். பத்தடி தள்ளி ஒரு வாய்க்கால் பாலம். எங்களிடம் பஞ்சர் என்று சொன்ன அன்றைக்கு. அதற்கப்புறம் ராத்திரி லோடு என்றாலே பயமாம். டீசல் பங்கில் ஒருவர் இந்தப் பாட்டிலைக் கொடுத்தாராம்.

"தூங்குனா அன்னைக்கே செத்துருவேன். இதக் குடிச்சா மெதுவாத்தான சாவேன்?"

"கட்டங்காப்பி குடிச்சா தூக்கம் போகாதா? சீனி போடாம? ரோட்டோரத்துல கடையா இல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ எனக்காக விட்டத நான் எப்பிடிக் குடிக்க? காப்பிய மட்டும் தொடல முருகு. அந்த இராமநாதர் மேல சத்தியமா, ஒரு சொட்டுத் தொடல."

என்னத்தச் சொல்ல. தன் வேண்டுதலை உடைத்துப் போட்டுவிட்டு என் வேண்டுதலைக் காப்பாற்றியிருக்கிறார். நான் காப்பியை விட்டது என்னோடு, அவர் குடிக்கலாம் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? ஃபிளாஸ்க்கில் ஊற்றி நானே கொடுத்திருக்கலாமே. சத்தியம் பண்ணத் தெரிஞ்ச வாய்க்கு, "எனக்குத் தூக்கம் வருது, பயமா இருக்கு" என்று பொண்டாட்டியிடம் சொல்லத் தெரியவில்லையே.

கோபம் குறையவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சாயங்காலம் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

17.4.2025, வியாழன்

வீட்டுக்கு வரவில்லை. வாலிநோக்கத்தில் டிரைவர்கள் படுக்கும் ஷெட்டிலேயே இருக்கிறார் என்று ஈஸ்வரி சொன்னாள். "என் வாயாலதான மதினி இம்புட்டும்" என்று அழுதாள். உன் வாய் உண்மையைத்தான் சொன்னது, போய் நன்னாரியை நிறைய வாங்கி வை என்று அனுப்பினேன். மார்க் போட்ட தாளையும் கேட்டாள். கிழித்துக் கொடுத்தேன்.

மத்தியானம் தனியாக இருந்தேன். கேபினிலிருந்து எடுத்துவந்த பாதிப் பாட்டில் இருந்தது. அல்சர் இருந்தால் இருக்கட்டும், எதற்காக என்னிடம் பொய் சொன்னார்கள் என்று என் நாக்குக்கும் தெரிய வேண்டும். இரண்டு மடக்கு. அவர் சொன்னது சரி. முதலில் சளி மருந்து, அப்புறம் புளிப்பு. கூலிங் இல்லாமல் வாயில் வைக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல் நுனி சுருசுருவென்றது. வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தாறு வயசில் இரண்டு மடக்குக்கு நான் இப்படி என்றால், சர்க்கரையை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு வயசு ஆள் ராத்திரிக்கு ரெண்டு, மூணு பாட்டில்.

மார்க் எதுவும் போடவில்லை.

18.4.2025, வெள்ளி

உத்தரகோசமங்கை போனேன். விளக்குப் போடவில்லை. சன்னதியில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். தாயே, போட்ட ஆறு விளக்கையும் திருப்பிக் கேட்கவில்லை, வேறு யாருக்காவது வரவு வைத்துக்கொள். காப்பியை விட்டேன் என்று கடலில் நின்று சொன்னேன், இன்றோடு அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அதில் பாவம் இருந்தால் என் பக்கத்தில் எழுது. அவரை ரோட்டில் மட்டும் தூங்க விட்டுவிடாதே.

வரும் வழியில் கடலாடியில் இறங்கிக் காப்பித்தூள் நூறு கிராம் வாங்கினேன்.

20.4.2025, ஞாயிறு

ஜோதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, எப்பம்மா பேசுவ?" என்றாள்.

"நீ வாசிக்கிறத நான் நம்பறன்னைக்கு" என்றேன்.

சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அது உண்மை. பழைய பக்கத்தில் ஆறு எண்களையும் நான் அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதினேன். எழுதும்போது அவளைப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். நின்றாள்.

22.4.2025, செவ்வாய்

இன்று அவருக்குக் கொடுத்தனுப்பிய தாளின் நகல் இது. சீனி போடாத காப்பி ஒரு ஃபிளாஸ்க்கும் கூடப் போகிறது. ஜோதி பஸ்ஸில் கொண்டுபோகிறாள். அவள் வாசித்துக் காட்ட வேண்டாம், அவரே கண்ணாடி போட்டு வாசிக்கட்டும் என்று ஒட்டித்தான் கொடுத்தேன்.

"உங்களுக்கு முருகலட்சுமி எழுதுவது. நான் காப்பி குடிக்கிறேன். நான்கு நாளாக, சீனி இல்லாமல், அரை தம்ளர். இனி நீங்கள் குடிப்பதில் என் வேண்டுதல் குறுக்கே நிற்காது. நீங்கள் செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்று எனக்கே தெரியாததால் தேதி சொல்லவில்லை. அதற்காக நீங்கள் ஷெட்டில் படுக்க வேண்டியதில்லை.

இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, ராத்திரி லோடு வேண்டாம், பகல் லோடு மட்டும்தான் எடுப்பேன் என்று உங்கள் ஓனரிடம் கேட்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் அதை என்னிடம் அப்படியே சொல்ல வேண்டும், ஓட்டுவதா விடுவதா என்று இருவரும் உட்கார்ந்து யோசிப்போம். இரண்டு, வருகிற திங்கட்கிழமை 28ஆம் தேதி காலையில் இராமநாதபுரத்தில் சர்க்கரை டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன். நானும் வருவேன். ரிசல்ட்டை என் கையில் வாங்குவேன்.

வருகிறீர்களா, இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள். போனில் வேண்டாம், நேரில் வந்து சொல்லுங்கள்."