குலுக்கலில் விழாத வீடு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் மூச்சிரைப்பு இப்போது எப்படி இருக்கிறது? செவிலியரை உங்கள் வீட்டுக்கும் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். குழப்பாமல் பதில் சொல்ல வேண்டுமே என்று முதலில் தலைப்புகளை எழுதிக்கொண்டேன். சிரிக்காதே.

1. உங்கள் வீடு ஆய்வுக்குள் வந்த விதம்
2. செவிலியர் வராததால் உங்களுக்கு என்ன நஷ்டம்
3. இந்த வருடம் நான் ஏன் அங்கே வர முடியாது

ஒன்று. வசதியான மேட்டுப் பகுதிக்காரர்களைவிட உங்கள் ஆலைப் பக்கத்துக் குடும்பங்களில் இதய நோயாளிகள் சீக்கிரம் இறக்கிறார்கள். அதைத்தான் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை ஆராய்கிறது. அத்தானைப் போல இதய நோயாளி உள்ள வீடுகளில் பாதிக்கு வாரந்தோறும் செவிலியர். மீதி வீடுகளுக்கு மாதம் ஒருமுறை கேள்விகள் மட்டும். எந்த வீட்டுக்கு எது என்பது குலுக்கல். சீட்டு எடுத்தவன் நான். உங்கள் கதவு எண் கேள்விகள் மட்டும் போகும் பக்கத்தில் விழுந்தது. மாற்றவில்லை. செல்வாக்கு உள்ளவன் வீட்டுக்குத்தான் மருத்துவம் முதலில் போகிறது என்று முப்பது வருடமாக எழுதுகிறவன், எப்படி மாற்றுவேன்?

இரண்டு. நஷ்டம் எதுவும் இல்லை. செவிலியர் வருவதால் பலன் உண்டா என்று யாருக்குமே தெரியாது. தெரியாததால்தான் ஆய்வு.

மூன்று. நான் வந்தால் வாய் சும்மா இருக்காது. மாத்திரையைச் சரிபார்ப்பேன், மருத்துவமனைக்கு இழுத்துப் போவேன். பிறகு உங்கள் வீடு மற்ற வீடுகளைப் போல இருக்காது. ஆய்வு முடிந்த மறுநாளே வந்து நிற்பேன். இது சரிதானா என்று எனக்கே நிச்சயமில்லை.

அன்புடன்,
உன் தம்பி

பிப்ரவரி 16

தம்பிக்கு,

உன் கடிதத்தை உங்க அத்தானுக்குச் சத்தமா படிச்சுக் காட்டினேன். "உன் தம்பி என்னைக் கேள்விப் பக்கம் தள்ளிட்டானா? பள்ளிக்கூடத்துலயே கேள்வின்னா பெஞ்சு மேல நிக்கிற ஆளாச்சே நான்"னு சிரிச்சார். சிரிப்பு முடியறதுக்குள்ள இருமல்.

எதிர் வீட்டுக்கு நர்ஸம்மா வர்றாங்க. காலை அமுக்கிப் பாக்குறாங்க, எடை போடறாங்க. நம்ம வாசலைத் தாண்டித்தான் போகணும். ஒரு நாள் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். "உங்க வீடு எனக்கு இல்லம்மா"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

நமக்கு வர்றது ஒரு சின்னப் பொண்ணு. "கால் வீங்கியிருக்கா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "ரொம்ப நன்றிம்மா"ன்னு அடுத்த கேள்விக்குப் போயிட்டா.

எனக்கு நர்ஸெல்லாம் வேணாம்டா. நீ வா. ஆஸ்பத்திரின்னாலே இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறார். நீ சொன்னா கேப்பார். உனக்குப் பயந்து இல்ல, உன் படிப்புக்குப் பயந்து.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதே. கேட்க மட்டும் வேண்டும், யோசனை சொல்லக் கூடாது என்பது நான் போட்ட விதி. கால் வீக்கம் பற்றிய கேள்வியும் நான் எழுதியதே. உன் பதில் மிகத் தெளிவாக இருந்தது, அதற்கு நன்றி.

கீழே ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். மன்னித்துக்கொள். அது யோசனையாக இருந்தது.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

உங்க அத்தான் போயிட்டார். எல்லாம் முடிஞ்சு இன்னிக்குத்தான் எழுதறேன். ஏன் சொல்லி அனுப்பலைன்னு கேக்காதே. நீ வந்தா உன் ஆய்வு கெட்டுப்போயிருக்குமே.

நீ அடிச்ச வரியை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியல. நல்லா அழுத்தி அடிச்சிருக்கே. அவரும் வாங்கிப் பார்த்தார். "உன் தம்பி எதையும் அரைகுறையா செய்யமாட்டான்"னார். அவர் கடைசியா சிரிச்சது அதுக்குத்தான்.

நேத்து அந்தப் பொண்ணு வந்தா. "வீட்டுல எத்தனை பேரு?"ன்னா. ஒண்ணுன்னேன். பேனா நின்னுடுச்சு. அழ ஆரம்பிச்சுட்டா. "பரவால்ல, கேளும்மா, உன் பொழப்பு"ன்னு நான்தான் தண்ணி குடுத்தேன்.

"முடியாத நேரத்துல பாத்துக்க உறவுக்காரங்க யாராவது?"

"இல்ல."

"கூடப் பொறந்தவங்க?"

"யாரும் இல்ல."

எழுதிக்கிட்டா. இதுவும் நீ எழுதின கேள்விதானே? பதில் தெளிவா இருக்கா?

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மார்ச் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. ஆய்வு முடிந்த மறுநாள், சொன்னபடி, வந்தேன். உள்ளே நீ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டியதும் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

எதிர் வீட்டுக்காரர் தானே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து எனக்குப் போட்டார். அத்தான் வயதுதான். மூச்சு வாங்கவில்லை. "ஐயா யாரு, அந்தம்மாவுக்குச் சொந்தமா?" என்று கேட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன் என்றேன்.

கணக்கு முடிந்துவிட்டது. செவிலியர் போன வீடுகளில் இறப்பு பாதிக்கும் கீழே. அறிக்கையைப் படித்தபோது துறையில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த மாதம் முதல் ஆலைப் பக்கம் முழுவதற்கும் செவிலியர் போவார், நோயாளி இருக்கும் எல்லா வீடுகளுக்கும். உன் வீடு அதில் வராது.

என் முதல் கடிதத்தை நீ இன்னும் வைத்திருக்கிறாயோ, கிழித்தாயோ, தெரியாது. வைத்திருந்தால் ஒரு திருத்தம். இரண்டாம் தலைப்பின் கீழ், நஷ்டம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு.

தம்பி