ஏ, பி எங்கே போச்சு?

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பல் டாக்டர். இடது கன்னம் மரத்துப்போய், தண்ணீர் குடித்தாலும் சட்டையில்தான் வழிகிறது. அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்தாள். மாப்பிள்ளை அவளுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கா என்று கேட்டேன். இல்லையாம். "அன்னிக்கு நான் அழிச்சதுக்கு" என்றாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு கேட்டாள்: "அண்ணா, இதுல டிரைவ் எல்லாம் சி-லதான் ஆரம்பிக்குது. ஏ, பி எங்கே போச்சு?"

முப்பது வருஷம் கம்ப்யூட்டர் பழுது பார்த்துச் சாப்பிட்டவன் நான். பல் வலிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

பல் வலி இல்லை. போன் செய்யவில்லை.

மார்ச் 6, வெள்ளி

அவளே மறுபடி கூப்பிட்டாள். விடுகிறவளா? சொன்னேன். அந்தக் காலத்து மெஷினில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. பிளாப்பி மட்டும்தான். முதல் பிளாப்பி டிரைவுக்கு ஏ, இரண்டாவதற்கு பி. அதற்கும் முந்தைய பெரிய இயந்திரங்களிலேயே எழுத்து வைத்து அழைக்கும் பழக்கம் இருந்தது. ஹார்ட் டிஸ்க் பின்னால் வந்ததால் சி-யில் உட்கார்ந்தது. பிளாப்பி ஒழிந்தும் அந்த இரண்டு எழுத்தையும் வேறு யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

"எங்க பழைய மெஷின்ல ஒரு டிரைவ்தானே இருந்துச்சு?" என்றாள்.

ஒன்றுதான். அதற்கே இரண்டு பெயர். ஏ-வும் அதுதான், பி-யும் அதுதான் - இரட்டை வேடம். எந்த வேடத்துக்கு எந்த பிளாப்பி என்று அது கேட்கும், நாம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். இதைச் சொல்லும்போது குரல் பிசிறியது. பல் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். யாருக்கும் சொல்லாததை இந்த நோட்டிலாவது.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து. கல்யாணமாகி ஆறு மாதம். ஆராய்ச்சிப் பட்டத்துக்காக ஐம்பத்திரண்டு கிணறுகளின் தண்ணீரை மூன்று வருஷம் அளந்திருந்தாள். எந்தக் கிணற்றில் எந்த மாதம் எவ்வளவு உப்பு என்று எல்லாம் நோட்டுகளில் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரே பிளாப்பியில் அடக்கியதும் நோட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடச் சொன்னது யார்? நான். இனிமேல் பேப்பர் எதற்கு என்று பெரிய மேதாவி மாதிரிப் பேசினேன்.

ஒரு பிரதி எடுத்துவைப்போம் என்று அவள் சொன்னாள். ஒரு புது பிளாப்பி, அவளுடையது ஒன்று. இரண்டும் கறுப்பு. இரண்டிலும் பெயர் எழுதவில்லை. எழுதச் சொன்னாள், எனக்குத் தெரியாதா என்றேன். அழியாமல் இருக்க ஓரத்து வெட்டில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. மூலத்தைப் போடு என்று மெஷின் கேட்டது, காலி பிளாப்பியைப் போட்டேன். பிரதிக்கானதைப் போடு என்றது, அவளுடையதைப் போட்டேன். காலியை எடுத்து மூன்று வருஷத்தின் மேல் அப்பினேன்.

திறந்து பார்த்தேன். இரண்டிலும் ஒன்றுமில்லை. என்ன செய்தேன் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

மெஷின் இருந்த அறையிலிருந்து பிளாப்பியோடு வெளியே வந்து, இதை வீட்டில் எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான் கேட்டேன். மாப்பிள்ளை அப்பாவியாக, ஸ்பீக்கர் மேல் என்றார். அவர் பாட்டுக் கேட்க ஆசை ஆசையாக வாங்கிய ஸ்பீக்கர். அதைப் பிடித்துக்கொண்டேன். "ஸ்பீக்கர்ல காந்தம் இருக்கு மாப்பிள்ளை, அழிச்சிருச்சு. போச்சு."

சே. எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய்!

அவள் பட்டத்தைக் கைவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போனாள். நாலு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மறு வாரமே ஸ்பீக்கரை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்டதில்லை. இன்றைக்கும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தபடி கேட்கிறார்.

மார்ச் 11, புதன்

மனைவியிடம் சொல்லிவிட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கும்போது சொல்லுங்க. தனித்தனியா சொன்னா அதையும் பூசி மெழுகிடுவீங்க."

என்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

போனேன். பிரின்டரை இணைத்துக் கொடுத்தேன். சொல்ல வந்ததை மென்று முழுங்கிவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த லேப்டாப்பில் 'கிணறு' என்று ஒரு ஃபைல் இருந்தது. நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுகிறாளாம். பதினோரு கிணறுதான் ஞாபகம் வருகிறதாம். மாப்பிள்ளை அவள் பின்னால் நின்று, "எல்லாம் என்னால" என்றார். வழக்கமாகச் சொல்வதுபோல.

நான் மனுஷனா?

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கூடத்தில், இரண்டு பேர் முன்னாலும், நின்றுகொண்டே. உட்கார்ந்தால் பேச்சை மாற்றிவிடுவேன் என்று பயம்.

தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள். "அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

லேப்டாப்பை மெதுவாக மூடினாள். என் பக்கம் திரும்பவில்லை. அவரிடம், "அந்த ஸ்பீக்கரை யாருக்குக் குடுத்தீங்க?" என்றாள். அவருக்கு ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வாசல் வரை மாப்பிள்ளைதான் வந்தார். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். செருப்பை மாட்டும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "நானும் அதை நம்பிட்டேன், மச்சான்."

மார்ச் 29, ஞாயிறு

போன் இல்லை. செய்தேன், எடுக்கவில்லை. எதற்காக எடுக்க வேண்டும்?

ஏப்ரல் 12, ஞாயிறு

காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார். பின்னால் ஏதோ இரைச்சல். பேருந்து நிலையத்திலிருந்தா பேசுகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டிலிருந்துதானாம். கவனித்துக் கேட்டேன். பாட்டு. கண்ணாடி அதிரும் அளவுக்குப் பாட்டு. தங்கை போன வாரம் அவரைக் கடைக்குக் கூட்டிப்போய் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

அவள் இருக்கிறாளா என்று கேட்டேன். பக்கத்தில்தான் இருக்கிறாளாம், பேச வரவில்லை. கிணறு ஃபைலுக்கு ஒரு பிரதி எடுத்துவைப்பது நல்லது, நான் வந்து எடுத்துத் தரட்டுமா என்று இழுத்தேன். அவர் அவளிடம் கேட்டுவிட்டு வந்து கத்தினார்: "அவளே எடுத்துக்கிறாளாம், மச்சான். பேரெல்லாம் எழுதி ஒட்டிட்டாளாம்."

சரி என்றேன். அவரும் சத்தத்தைக் குறைக்கவில்லை, அவளும் குறைக்கச் சொல்லவில்லை. மீதியைப் பாதி கேட்டும் கேட்காமலும் பேசி முடித்தேன்.