பாங்காக்குக்கு முந்தைய சண்டை

ஆரம்பாக்கம்,
நவம்பர் 12

என் பிரியமுள்ள விமலுக்கு,

சுகிர்தா எழுதுகிறேன். கர்த்தர் உங்களை அங்கே பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அத்தையும் நானும் பாப்பாவும் சுகம். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பாக்ஸிங் கேம்பில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தரும் பத்து நிமிஷத்திலும் உங்களைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். வேறு வழியில்லாமல்தான் எழுதுகிறேன்.

மழை விட்டபாடில்லை. பாப்பாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. இப்போது தலையணையை நிற்கவைத்து இரண்டு கையாலும் குத்துகிறாள். அத்தை பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த ஒரு மாதமாக எப்போது பேசினாலும் உங்களுக்கு ஜனவரியில் நடக்கிற பாங்காக் போட்டிதான். அந்தத் தாய்லாந்துக்காரனின் உயரம், அவனுடைய வலது கை, ஜெயித்தால் கிடைக்கிற பெல்ட். இருபத்திரண்டாம் தேதி சென்னையில் சடையப்பனோடு இருக்கிற சண்டையைப் பற்றிக் கேட்டேன். “அவனா? காட்டுப்பள்ளி போர்ட்ல கன்டெய்னருக்குக் கம்பி கட்டிக்கினு கீறவன். ரெண்டு ரவுண்டு தாங்கமாட்டான்” என்று சொல்லிவிட்டு மறுபடி பாங்காக்குக்கே போய்விட்டீர்கள்.

அந்தச் சடையப்பனின் தங்கை பூமிகா என் கம்பெனியில், என் லைனில்தான் வேலை செய்கிறாள். சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. கும்மிடிப்பூண்டியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். நான் யார் மனைவி என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். பத்து நாளாக என் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தவள், போன வாரம் கேன்டீனில் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, எங்க அண்ணன் லீவுக்கு வந்தா வேற வேலையே கிடையாது. உங்க ஊட்டுக்காரரோட போன சண்டை வீடியோவப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கினே கீது. மூணாவது ரவுண்டுக்கு அப்புறம் எடது பக்கத்துல இருந்து வர்ற அடி ஒண்ணுகூட அவருக்குத் தெரியலியாம். அந்தப் பக்கமே அடிக்கிறதுக்குத்தான் இப்ப பழகிக்கினு கீது” என்றாள். பிறகு அழுதாள். “அண்ணன் ஜெயிக்கணும்னுதான் சாமிகிட்ட வேண்டிக்கினேன். ஆனா ஒருத்தருக்குக் கண்ணு போயி ஜெயிச்சா நான் இன்னாக்கா பண்ணுவேன்?”

அது எனக்குப் புதிய செய்தி இல்லை. பாப்பா உங்கள் இடப்பக்கம் வந்து நின்றால், அவள் குரல் கொடுக்கும் வரை நீங்கள் திரும்புவதில்லை. கதவு நிலையில் இரண்டு முறை தோளை இடித்துக்கொண்டீர்கள். அசதி என்று சொன்னீர்கள். நானும் அசதி என்றே நம்பிக்கொண்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் பழைய பையைத் தேடினேன். கண் ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தது. தேதி நீங்கள் கேம்புக்குக் கிளம்பியதற்கு இரண்டு நாள் முன்னால். சனிக்கிழமை லீவு போட்டு, அதை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். அவர் உங்களை மறக்கவில்லை. விழித்திரையின் ஓரத்தில் கிழிந்திருக்கிறது, உடனே லேசர் வைக்க வேண்டும், சில மாதம் தலையில் அடி படவே கூடாது என்று உங்களிடம் சொன்னாராம். “பாங்காக் முடிஞ்சதும் வர்றேன் சார்” என்றீர்களாம். இப்போது இருக்கிற நிலையில் ஓங்கி ஒரே அடி விழுந்தாலும் திரை பிய்ந்து வந்துவிடலாம், அப்புறம் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். அது எந்த ஊரில், யார் அடித்த அடி என்று கண்ணுக்குத் தெரியாதும்மா என்றார்.

மறுநாள் ஞாயிறு. போனில் கண் என்று ஆரம்பித்தேன். நீங்கள் குரலைத் தாழ்த்தி, “அதப் பத்தி இங்க பேசாத. யார்கிட்டயாவது சொன்ன, நமக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு வெச்சுக்கோ” என்றீர்கள். போன் கட்டாகிவிட்டது. நீங்கள்தான் கட் செய்தீர்களா, நேரம் முடிந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையை மூன்று நாளாகச் சுமந்துகொண்டு லைனில் நிற்கிறேன்.

இன்று காலை ஷிப்டுக்குப் போகவில்லை. பொன்னேரிக்குப் போய் வரதன் மாஸ்டரைப் பார்த்து, சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டேன். பதினான்கு வயதிலிருந்து உங்களுக்குக் கிளவுஸ் கட்டிவிட்ட மனுஷன், சீட்டை இரண்டு முறை படித்தார். அப்புறம், “எங்கிட்டயே மறைச்சிட்டானே” என்றார். சடையப்பனோடு சண்டை கிடையாது என்று போட்டி நடத்துகிறவர்களுக்கு இன்றே எழுதிக் கொடுத்துவிடுவாராம். பாங்காக்கும் கைவிட்டுப் போகும் என்று அவரே சொன்னார். இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் கேம்புக்குப் பேசியிருப்பார். சொன்னது யார் என்று நீங்கள் யாரையும் விசாரிக்க வேண்டாம். நான்தான்.

பூமிகாவுக்கும் சொன்னேன். அண்ணனுக்கு இப்படி ஒரு மேடை மறுபடி எப்போது கிடைக்குமோ என்றாள். ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உங்களுக்கு எவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷ உழைப்பு. அதை ஒரு காலைப் பொழுதில் நிறுத்திவிட்டேன். நான் செய்தது சரி என்று வாதாட வரவில்லை. கண்ணுக்காகப் பயந்தேன். இப்போது நீங்கள் அங்கிருந்து வேறு எங்காவது போய்விடுவீர்களோ என்று பயப்படுகிறேன்.

டாக்டர் உடனே வரச் சொல்லியிருக்கிறார். எந்த ரயில் என்று மாஸ்டருக்கு மட்டும் சொன்னால் போதும். சென்ட்ரலில் வந்து நிற்பேன். என்னிடம் பேச வேண்டாம். வழி முழுக்கத் திட்டினாலும் கேட்டுக்கொண்டு வருவேன். கோபத்தோடாவது வந்துவிடுங்கள், விமல்.

கர்த்தர் உங்கள் கால் எடுத்து வைக்கிற இடமெல்லாம் கூட இருப்பாராக.

உங்கள்,
சுகிர்தா