புளிச்சது

தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி, நன்றாகப் புளித்த தயிரைக் குடிக்கிறேன். வயது ஏறாமலிருக்கத்தான். மருமகளுக்குத் தெரிந்தால் ராயபுரமே சிரிக்கும். இன்று அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது.

துறைமுகத்தில் கிழடு தட்டிய மூட்டைக்காரர்களைக் கழித்துக்கட்டப் போகிறார்கள் என்று சேதி வந்த வாரம் ஞாபகமிருக்கிறதா? நான் சரக்குக் கணக்கெழுதும் கொட்டகைக்கு வந்து நின்றாய்.

"டாக்டர் தொரை பாக்கப் போறாராம்பா. எனக்கு முட்டி லொடலொடன்னு கீது. கழிச்சு வுட்டா பொண்ணு கண்ணாலம் நின்னுபூடும்."

எனக்குப் பத்திரிகை படிக்கிற வியாதி. குடலில் கிருமிகள் கக்கும் விஷம்தான் நரை, திரை, கூன் எல்லாவற்றுக்கும் மூலம். புளித்த பால் அதை முறிக்கும். அதைக் குடித்தே ஒரு மலைநாட்டார் நூறு தாண்டியும் உழுகிறார்கள் என்று எவரோ ஐரோப்பியப் பண்டிதர் சொன்னதை முந்தின நாள்தான் படித்திருந்தேன். உடனே வைத்தியனாகிவிட்டேன்.

"நைனா, தினம் ஒரு சொம்பு புளிச்சதைக் குடி. கெழத்தனம் கிட்டயே வராது."

"நெசமாவா? நல்லா நொரை கட்டினதா?"

"எவ்வளவு புளிப்போ அவ்வளவு நல்லது."

உன் முகம் மலர்ந்தது. விஞ்ஞானத்தின் மேல் பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனை நாளன்று உனக்கு முன்னால் நின்றவனை டாக்டர் ஓரமாகப் போகச் சொன்னார். அவன் தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, போகாமல் அங்கேயே நின்றான். பக்கத்து மேசையில் பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்த என் பேனா ஓடவில்லை. டாக்டர் உன் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு எழும்பி நின்றது, இறங்குவேனா என்றது. பிறகு அவர் கிட்டே குனிந்து மூக்கைச் சுளித்தார்.

"என்ன குடிச்சே?"

"மருந்து தொர" என்று என்னைக் கை காட்டினாய். நான் மேசைக்கடியில் விழாத பேனாவைத் தேடினேன்.

மூட்டையைக் காட்டினார். தூக்கினாய். சாய்ந்த பலகையில் பாதி ஏறியதும் முட்டி நடுங்க நின்றுவிட்டாய். திடீரென்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தாய். டாக்டர் தலையசைத்தார்.

"பாத்தியா மாமு, உன் பேப்பர் வைத்தியம்" என்று என் முதுகில் தட்டினாய்.

மகள் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் சுமந்துவிட்டுத்தான் கண்ணை மூடினாய். நானோ அன்று பிடித்த தயிரை இன்னும் விடவில்லை. குடித்ததும் புறங்கையைக் கிள்ளிவிட்டு, மடிப்பு இறங்கும்வரை அன்று நீ நின்றதுபோல நிற்கிறேன்.

போன வாரம் தண்டையார்பேட்டையில் உன் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். உன் வேலையைக் காப்பாற்றிய தயிரைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"தயிரா? அந்த வாடையே அவுருக்கு ஆவாதே அண்ணே. நீ சொன்னன்னு தெனம் ஒரு சொம்பு கள்ளுதான்."